அத்தியாயம் 7: மற்றவர் செய்தால் வருமா? உயிரித்தொழில்நுட்பக் காப்புரிமையில் வெளிப்படுத்தல்

சிவப்பு இறகுகள் கொண்ட புறாவை உருவாக்கும் இனப்பெருக்க முறைக்கு ஜெர்மனியில் ஒருவர் காப்புரிமை கேட்டார். வழக்கு அந்நாட்டின் கூட்டாட்சி உயர் நீதிமன்றம் வரை போய் 1969இல் தீர்ப்பு வந்தது. உயிருள்ளவற்றைக் கையாளும் முறையும் கண்டுபிடிப்பு ஆகலாம் என்று நீதிமன்றம் ஒப்புக்கொண்டது. உலகெங்கும் உயிரித்தொழில்நுட்ப ஆராய்ச்சியாளர்களுக்கு அது பெரிய கதவைத் திறந்துவிட்டது. ஆனால் கதவைத் தட்டியவருக்குக் காப்புரிமை கிடைக்கவில்லை. விண்ணப்பத்தில் எழுதியபடி வேறொருவர் புறாக்களை இணைசேர்த்தால் அதே சிவப்புப் புறா மீண்டும் பிறக்கும் என்று அவரால் காட்ட முடியவில்லை.

மற்றவர் செய்தால் வருமா? இந்த அத்தியாயம் முழுவதும் அந்த ஒரு கேள்வியைச் சுற்றியே நகர்கிறது.

காப்புரிமை என்பது அரசுக்கும் கண்டுபிடித்தவருக்கும் இடையே நடக்கும் கொடுக்கல் வாங்கல். அரசு 20 ஆண்டுகளுக்குத் தனியுரிமை தருகிறது. அதற்கு ஈடாக, கண்டுபிடித்தவர் தன் வித்தையை ஒளிவுமறைவில்லாமல் ஊருக்குச் சொல்ல வேண்டும். இயந்திரம் என்றால் படம் வரைந்து, அளவு குறித்து, பாகம் பாகமாக விளக்கிவிடலாம். பாக்டீரியாவை எப்படி விளக்குவது? ஒரே பெயர் கொண்ட இரண்டு பாக்டீரியாக்கள் இருவேறு விதமாக நடந்துகொள்ளும். ஒரு செல் வரிசையைப் பத்துப் பக்கத்துக்கு வருணித்தாலும், அந்தப் பத்துப் பக்கத்தைப் படித்து இன்னொருவர் அதே செல்லை உருவாக்கிவிட முடியாது. அதனால்தான் உயிரித்தொழில்நுட்பத்துக்கு மட்டும் சட்டம் சில கூடுதல் கடமைகளை வைத்திருக்கிறது. அவற்றை ஒவ்வொன்றாகப் பார்க்கலாம்.

விளக்கம் எளிதாக இருக்க ஓர் எடுத்துக்காட்டைக் கூடவே வைத்துக்கொள்ளலாம். பொள்ளாச்சிப் பக்கத்துத் தென்னந்தோப்பு ஒன்றின் மண்ணிலிருந்து ஒரு கல்லூரி ஆய்வுக்கூடம் பேசில்லஸ் வகை பாக்டீரியாவைப் பிரித்தெடுக்கிறது என்று கொள்வோம். தென்னையின் வேரழுகலைத் தடுக்க அந்த பாக்டீரியாவைக் கொண்டு ஒரு தூள் கலவை தயாரிக்கிறார்கள். தோப்பும் ஆய்வுக்கூடமும் கற்பனை. இங்கே அவர்கள் சந்திக்கும் சட்டப் பிரிவுகள் அத்தனையும் நிஜம்.

சட்டம் கேட்பது என்ன?

இந்தியக் காப்புரிமைச் சட்டம் 1970இன் 10ஆம் பிரிவு, 4ஆம் உட்பிரிவுதான் இந்த விஷயத்தின் இதயம். முழு விவரக்குறிப்பு கண்டுபிடிப்பையும், அது இயங்கும் விதத்தையும், அதைச் செய்யும் முறையையும் முழுமையாகவும் குறிப்பாகவும் விளக்க வேண்டும். விண்ணப்பதாரருக்குத் தெரிந்த முறைகளில் மிகச் சிறந்தது எதுவோ அதையும் வெளியிட வேண்டும். கடைசியில் உரிமைக்கோரல்கள் வர வேண்டும். 5ஆம் உட்பிரிவின்படி, அந்தக் கோரல்கள் மேலே விளக்கியவற்றின் மீது நியாயமாக நிற்க வேண்டும்.

மிகச் சிறந்த முறை என்ற சொல்லை இளம் ஆராய்ச்சியாளர்கள் பலர் கவனிப்பதில்லை. மூன்று ஊடகங்களில் வளர்த்துப் பார்த்து, தேங்காய்த் தண்ணீர் சேர்த்த ஊடகத்தில்தான் விளைச்சல் அதிகம் என்று தெரிந்துகொண்ட பிறகு, அதை மட்டும் தொழில் ரகசியமாகப் பூட்டி வைத்துக்கொண்டு மற்ற இரண்டை எழுதுவது சட்டப்படி செல்லாது. காப்புரிமை வேண்டுமென்றால் அந்தத் தேங்காய்த் தண்ணீரும் விவரக்குறிப்புக்குள் வந்தாக வேண்டும்.

இந்தக் கடமையில் தவறினால் விளைவு மூன்று கட்டங்களில் வரலாம். காப்புரிமை அலுவலகப் பரிசோதகர் முதல் ஆய்வறிக்கையிலேயே ஆட்சேபம் எழுப்பலாம். எதிராளி 25ஆம் பிரிவின் கீழ் எதிர்ப்பு மனு போடலாம். காப்புரிமை கிடைத்துப் பல ஆண்டுகள் ஆன பிறகும், 64ஆம் பிரிவின் கீழ் அதை ரத்து செய்யச் சொல்லி நீதிமன்றம் போகலாம். மூன்றாவதுதான் மிகவும் வலிக்கும். அதற்குள் தொழிற்சாலை கட்டி, ஆள் வைத்து, சந்தை பிடித்திருப்பார்கள்.

கை கூசாமல் எண்ணை எழுதுங்கள்

விவரக்குறிப்பு யாருக்காக எழுதப்படுகிறது? அந்தத் துறையில் சராசரித் திறமை உள்ள ஒருவருக்காக. அவர் மேதை அல்ல, புதியவரும் அல்ல. அவர் தன் மேசையில் இந்தத் தாளை வைத்துக்கொண்டு, யாரையும் தொலைபேசியில் கூப்பிடாமல் அதே பொருளைச் செய்து முடிக்க வேண்டும்.

கல்லூரி ஆய்வுக்கூடங்களிலிருந்து வரும் முதல் வரைவுகளில் இப்படி ஒரு வாக்கியம் இருக்கும்: “பாக்டீரியாவைத் தகுந்த ஊடகத்தில், உகந்த வெப்பநிலையில், போதுமான நேரம் வளர்த்து அறுவடை செய்யலாம்.” இந்த வாக்கியத்தில் தகவல் ஒன்றுகூட இல்லை. எழுதியவருக்குத் தன் மனதில் எல்லா எண்ணும் இருக்கிறது, தாளில்தான் இல்லை.

அதையே இப்படி எழுதலாம்: “நியூட்ரியன்ட் பிராத் ஊடகத்தில், பிஎச் 7.0இல், 30 டிகிரி செல்சியஸில், நிமிடத்துக்கு 150 சுழற்சி வேகத்தில் குலுக்கி, 48 மணி நேரம் வளர்க்கப்பட்டது. பிஎச் 6.5 முதல் 7.5 வரையிலும், 28 முதல் 35 டிகிரி வரையிலும் வளர்ச்சி கிடைத்தது. 40 டிகிரியில் வளர்ச்சி இல்லை.” இங்கே செய்முறை இருக்கிறது, எல்லை இருக்கிறது, தோல்வியும் இருக்கிறது. தோல்வியைச் சொல்வது பலவீனம் என்று பலர் நினைக்கிறார்கள். உண்மையில் அது பின்னால் வருபவரின் வீண் உழைப்பைக் குறைக்கிறது, எழுதியவரின் நேர்மையையும் காட்டுகிறது.

தென்னை எடுத்துக்காட்டில் இன்னொரு சிக்கலும் உண்டு. இயற்கையில் இருக்கும் உயிரைக் கண்டுபிடித்துச் சொல்வது மட்டும் 3(சி) பிரிவின்படி கண்டுபிடிப்பு ஆகாது. எனவே மண்ணில் இருந்தபடியே எடுத்த பாக்டீரியாவுக்கு உரிமை கிடைக்காது. அதைக் கொண்டு செய்த கலவைக்குக் கேட்கலாம். ஆனால் பொருள்களை வெறுமனே ஒன்றாகக் கலந்து, அவற்றின் பண்புகளின் கூட்டுத்தொகையை மட்டுமே பெற்றால் 3(இ) பிரிவு தடுக்கும். பாக்டீரியா மட்டும், சுமக்கும் தூள் மட்டும், இரண்டும் சேர்ந்து என்று மூன்று பாத்திகளில் சோதித்து, சேரும்போது பலன் கூட்டுத்தொகையைத் தாண்டுகிறது என்று அட்டவணை போட்டுக் காட்ட வேண்டும். அந்த அட்டவணை விவரக்குறிப்பிலேயே இருப்பது நல்லது. வெளிப்படுத்தலில் விட்டதைப் பின்னால் திருத்தத்தின் பெயரில் உள்ளே நுழைக்க 59ஆம் பிரிவு இடம் தராது.

கேட்கும் பரப்பு எவ்வளவு, சொன்ன பரப்பு எவ்வளவு?

உயிரித்தொழில்நுட்பக் காப்புரிமைகள் நீதிமன்றத்தில் விழுவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான். ஒன்றைச் செய்து காட்டிவிட்டு ஓராயிரத்துக்கு உரிமை கேட்கும் ஆசை யாரையும் விடுவதில்லை.

கலிஃபோர்னியா பல்கலைக்கழகம் 1977இல் விண்ணப்பித்த இன்சுலின் காப்புரிமையை எடுத்துக்கொள்ளலாம். எலியின் இன்சுலினுக்கான டிஎன்ஏ நகலை ஆராய்ச்சியாளர்கள் பிரித்தெடுத்து அதன் வரிசையைக் கொடுத்திருந்தார்கள். உரிமைக்கோரலோ மனித இன்சுலின் வரை நீண்டிருந்தது. எலி லில்லி நிறுவனத்தோடு நடந்த வழக்கில், அமெரிக்கக் கூட்டாட்சி மேல்முறையீட்டு நீதிமன்றம் 1997இல் அந்தக் கோரல்களை ஏற்க மறுத்தது. எலியின் வரிசையையும், மனித வரிசையைத் தேடிப்பிடிக்கும் பொதுவான வழியையும் சொன்னால், மனித வரிசையை விவரித்ததாக ஆகாது என்பதே முடிவின் சாரம்.

இதற்கு நேர் எதிராக, விண்ணப்பதாரர் வென்ற வழக்கும் உண்டு. 1988இல் தீர்ப்பான வாண்ட்ஸ் வழக்கு ஹெபடைடிஸ் பி கிருமியின் மேற்பரப்புப் புரதத்தைக் கண்டறியும் எதிர்ப்பொருள் சோதனையைப் பற்றியது. 143 கலப்புச் செல்களை உறையவைத்துச் சேமித்து, அவற்றில் 9ஐ விரிவாகச் சோதித்ததில் 4 தேறின. கணக்கைப் பார்த்தால் குறைவுதான். ஆனால் அந்தத் துறையில் அப்படிச் சலித்துத் தேடுவது வழக்கமான வேலை, வழிகாட்டுதலும் போதுமான அளவு இருக்கிறது என்று நீதிமன்றம் ஏற்றுக்கொண்டது. வேலை அதிகமா என்பது கேள்வி அல்ல. அது மிதமிஞ்சிய சோதனையா என்பதே கேள்வி. சோதனையின் அளவு, தரப்பட்ட வழிகாட்டல், செய்து காட்டிய எடுத்துக்காட்டுகள், கண்டுபிடிப்பின் இயல்பு, முன் அறிவின் நிலை, செய்பவரின் திறமை, முடிவை முன்கூட்டியே கணிக்க முடிகிற அளவு, கோரலின் அகலம் என்று எட்டு அளவுகோல்களை அந்தத் தீர்ப்பு வைத்தது. இன்றும் அமெரிக்கப் பரிசோதகர்கள் இந்த எட்டையும் மனதில் வைத்தே விவரக்குறிப்பைப் படிக்கிறார்கள்.

அந்த எட்டில் கடைசி இரண்டும் மோதிய வழக்கு அம்ஜென் எதிர் சனோஃபி. கெட்ட கொழுப்பைக் குறைக்கும் மருந்துகள் இரண்டு: அம்ஜென்னின் ரெபாத்தா, சனோஃபியும் ரீஜெனரானும் கொண்டுவந்த பிராலுயன்ட். இரண்டும் பிசிஎஸ்கே9 என்ற புரதத்தைப் பிடித்துச் செயலிழக்கவைக்கும் எதிர்ப்பொருள்கள். அம்ஜென் தன் காப்புரிமைகளில் 26 எதிர்ப்பொருள்களின் அமினோ அமில வரிசையைக் கொடுத்தது. ஆனால் கேட்ட உரிமை 26க்கு அல்ல. அந்தப் புரதத்தின் குறிப்பிட்ட பகுதியில் ஒட்டி, அதன் வேலையைத் தடுக்கும் எல்லா எதிர்ப்பொருள்களுக்கும் கேட்டது. மீதியை எப்படிக் கண்டுபிடிப்பது? அதற்கு இரண்டு வழிகளைச் சொன்னது. ஒன்று, எதிர்ப்பொருள்களை உற்பத்தி செய்து ஒவ்வொன்றாகச் சோதிப்பது. மற்றொன்று, ஏற்கெனவே உள்ளதில் ஓர் அமினோ அமிலத்துக்குப் பதிலாக அதைப் போன்ற இன்னொன்றை வைத்து மீண்டும் சோதிப்பது.

2023 மே 18 அன்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் ஒருமனதாக அம்ஜென்னுக்கு எதிராகத் தீர்ப்பளித்தது. சொன்ன இரண்டு வழிகளும் தேடிப்பார், சோதித்துப்பார் என்று வேலையைப் படிப்பவர் தலையில் கட்டுவதுதான் என்று நீதிமன்றம் கருதியது. அதிகமாகக் கேட்டால் அதிகமாகச் செயல்படுத்திக் காட்ட வேண்டும் என்பதே தீர்ப்பின் அடிப்படை.

அந்தத் தீர்ப்பு 1895ஆம் ஆண்டின் மின்விளக்கு வழக்கு ஒன்றைத் துணைக்கு அழைத்தது. சாயர், மேன் என்ற இருவர் கரியாக்கிய காகிதத்தில் விளக்கு இழை செய்தார்கள். உரிமை கேட்டதோ எல்லா நார்ப்பொருள்களுக்கும். எடிசன் தரப்போ 6,000க்கும் மேற்பட்ட தாவர வகைகளைச் சோதித்து, ஒரு சில மூங்கில் வகைகளே சரியாக வேலை செய்கின்றன என்று கண்டிருந்தது. மூங்கிலை விளக்கில் வைத்துப் பார்க்காதவர்கள் மூங்கிலுக்கும் சேர்த்து உரிமை கேட்டதை நீதிமன்றம் ஏற்கவில்லை. 128 ஆண்டுகள் கழித்து எதிர்ப்பொருளுக்கும் அதே அளவுகோல் பொருந்தியது.

இதிலிருந்து நடைமுறைக்கு எடுத்துக்கொள்ள வேண்டியது என்ன? கோரல்களைப் படிக்கட்டு போல அமைக்க வேண்டும். முதல் படியில் செய்து காட்டிய குறிப்பிட்ட விகாரம் (ஸ்ட்ரெயின்), குறிப்பிட்ட வரிசை. அடுத்த படியில் அதோடு நெருங்கிய உறவுள்ளவை. அதற்கும் மேலே சற்று அகலமான வகை. அகலமான படிக்குத் துணையாக, அந்த வகையின் வெவ்வேறு மூலைகளிலிருந்து எடுத்துக்காட்டுகளைச் சேர்க்க வேண்டும். ஒரே மூலையிலிருந்து 26 எடுப்பதைவிட, நான்கு மூலைகளிலிருந்து 8 எடுப்பது சில நேரங்களில் வலுவாக நிற்கும். மேல்படி உடைந்தாலும் கீழ்ப்படி தாங்கும்.

எழுத்து போதாத இடத்தில் உயிரையே ஒப்படைப்பது

எவ்வளவு எழுதினாலும் சில உயிர்ப்பொருள்களை இன்னொருவர் கையில் கொண்டுசேர்க்க முடியாது. ஒரு தோப்பு மண்ணில் தற்செயலாகக் கிடைத்த விகாரம் இன்னொரு தோப்பில் கிடைக்கும் என்பதற்கு உத்தரவாதம் இல்லை. இந்தச் சிக்கலுக்குத் தீர்வாக வந்ததுதான் வைப்பு முறை. அமெரிக்காவில் 1970ஆம் ஆண்டு அர்கூடெலிஸ் வழக்கில், ஒரு ஸ்ட்ரெப்டோமைசிஸ் நுண்ணுயிரைப் பொது வளர்ப்புச் சேகரிப்பகத்தில் ஒப்படைத்தது வெளிப்படுத்தலுக்குத் துணை என்று நீதிமன்றம் ஏற்றுக்கொண்டது.

அதை உலக அளவில் ஒழுங்குபடுத்தியது 1977இல் கையெழுத்தான புடாபெஸ்ட் உடன்படிக்கை. அங்கீகாரம் பெற்ற ஒரு சர்வதேச வைப்பகத்தில் ஒருமுறை ஒப்படைத்தால் போதும், உறுப்பு நாடுகள் எல்லாம் அதை ஏற்கும். இந்தியா 2001 டிசம்பரில் இதில் சேர்ந்தது. சண்டிகரில் உள்ள நுண்ணுயிர் வகை வளர்ப்புச் சேகரிப்பகமும், புணேயில் உள்ள தேசிய நுண்ணுயிர் வள மையமும் இந்தியாவின் அங்கீகரிக்கப்பட்ட வைப்பகங்களில் அடங்கும். நம் எடுத்துக்காட்டின் ஆய்வுக்கூடம் சண்டிகரில் ஒப்படைத்த விகாரத்தை ஜப்பானிலும் ஜெர்மனியிலும் விண்ணப்பத்தில் காட்டலாம்.

ஒப்படைப்பு எப்படி நடக்கிறது? விண்ணப்பப் படிவத்தோடு, எந்த ஊடகத்தில், எந்த வெப்பநிலையில் வளர்க்க வேண்டும், எப்படிச் சேமிக்க வேண்டும் என்ற விவரங்களையும் வளர்ப்பையும் அனுப்புகிறார்கள். வைப்பகம் அதை எழுப்பி, உயிரோடு இருக்கிறதா என்று சோதிக்கிறது. பல நுண்ணுயிர்களை உறைய வைத்து உலர்த்தி, கண்ணாடிக் குப்பியில் அடைத்து மூடுகிறார்கள். குப்பியின் அடியில் இருப்பது ஒரு சிட்டிகை வெளிறிய பொடி. அந்தப் பொடிக்கு ஓர் எண் தரப்படுகிறது. அந்த எண்தான் இனி விவரக்குறிப்பில் கண்டுபிடிப்பின் முகவரி. கடைசியாக மாதிரி கேட்கப்பட்ட நாளிலிருந்து குறைந்தது 5 ஆண்டுகளும், எப்படியும் மொத்தம் 30 ஆண்டுகளும் வைப்பகம் அதைக் காக்க வேண்டும். இடையில் உயிரற்றுப்போனதாக வைப்பகம் தெரிவித்தால், அந்த அறிவிப்பு கிடைத்த 3 மாதத்துக்குள் அதே பொருளை மீண்டும் ஒப்படைக்கலாம். அதனால் ஆய்வுக்கூடத்தின் உறைபெட்டியிலும் எப்போதும் ஒரு பிரதி இருக்க வேண்டும்.

இந்தியச் சட்டம் வைப்புக்கு நான்கு நிபந்தனைகள் விதிக்கிறது. ஒன்று, விண்ணப்ப நாளுக்குப் பின்னால் ஒப்படைப்பு நடக்கக் கூடாது. விண்ணப்பித்த 3 மாதத்துக்குள் வைப்பு பற்றிய குறிப்பு விவரக்குறிப்பில் ஏறிவிட வேண்டும். இரண்டு, வைப்பகத்தின் பெயர், முகவரி, தேதி, எண் ஆகியவற்றோடு அந்தப் பொருளை அடையாளம் காணத் தேவையான பண்புகளும் இருக்க வேண்டும். மூன்று, அந்தப் பொருள் மற்றவருக்குக் கிடைப்பது விண்ணப்ப நாளுக்குப் பிறகு, முன்னுரிமை கோரினால் அந்த நாளுக்குப் பிறகு மட்டுமே. நான்காவது நிபந்தனை “எங்கிருந்து வந்தது?” என்ற தலைப்பில் வருகிறது.

இந்த நிபந்தனைகளில் அதிகம் தவறுவது முதலாவது. தற்காலிக விவரக்குறிப்பை முதலில் போட்டுவிடலாம், 12 மாதத்தில் முழு விவரக்குறிப்பு வரும்போது வைப்பைச் செய்துகொள்ளலாம் என்று பலர் கணக்குப் போடுகிறார்கள். அந்தக் கணக்கு ஆபத்தானது. தற்காலிக விண்ணப்பத்துக்கு முன்பே குப்பி வைப்பகத்தில் இருக்க வேண்டும். எல்லா வைப்பகமும் எல்லா வகை உயிர்ப்பொருளையும் ஏற்பதில்லை என்பதால், பார்சல் அனுப்புவதற்கு முன் கேட்டுத் தெரிந்துகொள்வது நல்லது.

எழுத்துக்கள் நான்கு, விதிகள் பல

டிஎன்ஏ வரிசையோ புரத வரிசையோ விண்ணப்பத்தில் இருந்தால், அதைத் தனியே வரிசைப் பட்டியலாகத் தர வேண்டும். உலக அறிவுசார் சொத்து அமைப்பின் எஸ்டி.26 என்ற தரநிலை 2022 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்தது. முன்பு இருந்த எழுத்துக் கோப்புக்குப் பதிலாக எக்ஸ்எம்எல் வடிவம் வந்திருக்கிறது. திட்டவட்டமாகக் குறிப்பிட்ட 10 அல்லது அதற்கு மேற்பட்ட நியூக்ளியோடைடுகள் கொண்ட வரிசையும், 4 அல்லது அதற்கு மேற்பட்ட அமினோ அமிலங்கள் கொண்ட வரிசையும் பட்டியலில் இடம்பெற வேண்டும். இதற்கென்றே ஒரு மென்பொருளை அந்த அமைப்பு இலவசமாகத் தருகிறது.

பிரைமர்களை மறந்துவிடுவது இங்கே வழக்கமான பிழை. முக்கிய மரபணுவை அழகாகப் பட்டியலிட்டுவிட்டு, பிசிஆர் செய்யப் பயன்படுத்திய 20 எழுத்து பிரைமரைச் செய்முறைப் பத்தியில் மட்டும் எழுதி விட்டுவிடுவார்கள். 10 எழுத்தை எட்டிய எதுவும் பட்டியலுக்குள் வர வேண்டும். தட்டச்சில் ஓர் எழுத்து மாறினால் புரதமே மாறிவிடலாம். எனவே வரிசையைக் கையால் தட்டாமல், கருவி கொடுத்த கோப்பிலிருந்தே எடுக்க வேண்டும்.

எங்கிருந்து வந்தது?

வைப்பின் நான்காவது நிபந்தனை, உயிர்ப்பொருளின் மூலத்தையும் புவியியல் பிறப்பிடத்தையும் விவரக்குறிப்பில் சொல்ல வேண்டும் என்பது. அதைச் சொல்லாமல் விட்டாலோ தவறாகச் சொன்னாலோ, 25ஆம் பிரிவில் எதிர்க்கவும் 64ஆம் பிரிவில் ரத்து கேட்கவும் அதுவே தனிக் காரணம். உள்ளூர் மக்களிடமோ பழங்குடி மக்களிடமோ வாய்மொழியாகவேனும் ஏற்கெனவே இருந்த அறிவுதான் இது என்று காட்டுவதும் தனிக் காரணம்.

இந்தக் கடமை ஏன் வந்தது என்று தமிழ் வாசகருக்கு நீண்ட விளக்கம் தேவையில்லை. அடிபட்ட காயத்தில் மஞ்சளை அரைத்துப் பூசுவது நம் வீட்டுப் பாட்டிகளின் கைவைத்தியம். அமெரிக்காவில் மிசிசிப்பி பல்கலைக்கழக மருத்துவ மையத்துக்கு 1995இல் அதே காரியத்துக்குக் காப்புரிமை கிடைத்தது. இந்திய அறிவியல் தொழிலக ஆராய்ச்சி மன்றம் 32 ஆதாரங்களைத் திரட்டி மறுபரிசீலனை கேட்டது. 1997இல் அந்தக் காப்புரிமை ரத்தானது. வேப்பெண்ணெய் கொண்டு பூஞ்சையைத் தடுக்கும் முறைக்கு டபிள்யூ.ஆர். கிரேஸ் நிறுவனமும் அமெரிக்க வேளாண் துறையும் பெற்ற ஐரோப்பியக் காப்புரிமை 2000இல் ரத்தாகி, மேல்முறையீட்டிலும் 2005இல் தோற்றது. இத்தகைய போராட்டங்களுக்குப் பிறகு உருவான பாரம்பரிய அறிவு மின்னணு நூலகத்தில் சமஸ்கிருதம், அரபு, பாரசீகம், உருது நூல்களோடு தமிழில் உள்ள சித்த மருத்துவ நூல்களும் சேர்ந்திருக்கின்றன. ஐரோப்பியப் பரிசோதகர் ஒருவர் தன் மேசையிலிருந்தே சித்த மருந்துக் குறிப்பைப் பார்க்க இன்று வழி இருக்கிறது.

மூலத்தை ஒப்புக்கொண்டு பலனைப் பகிர்ந்த முன்னுதாரணமும் நம் அருகிலேயே இருக்கிறது. 1987இல் அகத்திய மலையில் ஆய்வுக்குப் போன விஞ்ஞானிகள், வழிகாட்ட வந்த காணி மக்கள் ஒரு செடியின் பழத்தைத் தின்றபடி களைப்பில்லாமல் நடப்பதைக் கவனித்தார்கள். ஆரோக்கியப்பச்சை என்ற அந்தச் செடியிலிருந்து திருவனந்தபுரம் அருகிலுள்ள தாவரவியல் பூங்கா நிறுவனம் ஜீவனி என்ற மருந்தை உருவாக்கியது. கோயம்புத்தூர் ஆர்ய வைத்திய பார்மசிக்கு அது 10 லட்சம் ரூபாய்க்கு உரிமம் தரப்பட்டபோது, உரிமத் தொகையிலும் பங்குத்தொகையிலும் பாதி காணி மக்களுக்கு என்று முடிவானது. உயிர்ப்பல்வகைமைச் சட்டம் 2002இல் வருவதற்கு முன்பே நடந்தது இது.

அந்தச் சட்டத்தின் 6ஆம் பிரிவு இன்று இந்திய உயிர்வளத்தைப் பயன்படுத்தும் விண்ணப்பதாரர்களைத் தொடுகிறது. இதை நடைமுறைப்படுத்தும் தேசிய பல்லுயிர் ஆணையம் சென்னை தரமணியில் இருக்கிறது. 2023இல் திருத்தப்பட்ட சட்டப்படி, இந்திய உயிர்வளத்தைப் பயன்படுத்திய வெளிநாட்டவரும் வெளிநாட்டுக் கட்டுப்பாட்டில் உள்ள நிறுவனங்களும் காப்புரிமை வழங்கப்படுவதற்கு முன் ஆணையத்தின் ஒப்புதல் பெற வேண்டும். இந்தியர்கள் அதற்கு முன் பதிவு செய்ய வேண்டும், வணிகமாக்கும்போது ஒப்புதல் பெற வேண்டும். மீறினால் 1 லட்சம் முதல் 50 லட்சம் ரூபாய் வரை அபராதம் விதிக்கச் சட்டத்தில் இடமுண்டு. காப்புரிமை அலுவலகத்தின் படிவம் 1இலேயே, இந்திய உயிர்ப்பொருளைப் பயன்படுத்தியிருந்தால் உரிய அனுமதியைச் சமர்ப்பிப்பதாக உறுதி கூறும் வரி இருக்கிறது. அவசரத்தில் அந்த வரியைக் கவனிக்காமல் கையெழுத்துப் போடுபவர்கள், காப்புரிமை வழங்கப்பட வேண்டிய கடைசிக் கட்டத்தில் மாதக் கணக்கில் காத்திருக்க நேர்கிறது.

உலகமும் இந்தத் திசையில் நகர்கிறது. 2024 மே 24 அன்று ஜெனீவாவில், மரபணு வளங்களும் அவற்றோடு தொடர்புடைய பாரம்பரிய அறிவும் குறித்த புதிய ஒப்பந்தம் ஏற்கப்பட்டது. கண்டுபிடிப்பு மரபணு வளத்தின் அடிப்படையில் அமைந்தால் அது எந்த நாட்டிலிருந்து வந்தது என்று விண்ணப்பதாரர் வெளியிட வேண்டும் என்கிறது அது. 15 தரப்புகள் சேர்ந்த பிறகே நடைமுறைக்கு வரும். பிறப்பிடத்தைச் சொல்லும் கடமையை இந்தியா அதற்கு 20 ஆண்டுகளுக்கு முன்பே தன் காப்புரிமைச் சட்டத்தில் எழுதிவிட்டது.

தாக்கல் செய்வதற்கு முன் ஒருமுறை

காப்புரிமை முகவரிடம் கோப்பைக் கொடுப்பதற்கு முந்தைய நாள், ஆய்வுக் குழு கூடி உட்கார்ந்து இவற்றைச் சரிபார்க்க வேண்டும்:

1. ஒவ்வொரு செய்முறையிலும் ஊடகம், வெப்பநிலை, பிஎச், நேரம், அளவு ஆகிய ஐந்தும் எண்ணில் இருக்கின்றனவா?

2. நமக்குத் தெரிந்த மிகச் சிறந்த முறை உள்ளே இருக்கிறதா, வெளியே ஒளிந்திருக்கிறதா?

3. ஒவ்வோர் உரிமைக்கோரலுக்கும் எதிரே, அதைத் தாங்கும் எடுத்துக்காட்டின் எண்ணை எழுத முடிகிறதா?

4. ஒப்பீட்டு அட்டவணை இருக்கிறதா? தனித்தனிப் பொருளின் பலனும் அதில் தெரிகிறதா?

5. வைப்பு எண், தேதி, வைப்பகத்தின் பெயர், முகவரி நான்கும் சரியா? வைப்பின் தேதி விண்ணப்ப நாளுக்கு முன்னதா?

6. பிரைமர் உட்பட எல்லா வரிசைகளும் பட்டியலில் வந்துவிட்டனவா?

7. உயிர்ப்பொருள் எடுத்த ஊர், மாவட்டம், நாள், எடுத்தவர், அதைக் காட்டிக்கொடுத்த உள்ளூர்க்காரர் யாராவது இருந்தால் அந்த விவரம் என அனைத்தும் கோப்பில் இருக்கின்றனவா?

8. தரமணிக்குப் போக வேண்டிய விண்ணப்பம் தயாரா?

பிறகு இன்னொரு சோதனை. திட்டத்தில் சம்பந்தப்படாத, அதே துறையின் முதுநிலை மாணவர் ஒருவரை அழைத்து, ரகசியக் காப்பு ஒப்பந்தத்தில் கையெழுத்து வாங்கிக்கொண்டு, விவரக்குறிப்பை மட்டும் கையில் கொடுத்து முதல் எடுத்துக்காட்டைச் செய்யச் சொல்ல வேண்டும். அவர் எந்த வரியில் நிமிர்ந்து பார்த்துக் கேள்வி கேட்கிறாரோ, அந்த வரியைத் திருத்த வேண்டும். செலவு ஒரு வாரம். அது மிச்சப்படுத்துவது ஆண்டுகள்.

இந்தப் பட்டியலில் பெரும்பாலானவற்றைத் தாக்கல் செய்யும் வாரத்தில் தேடிப்பிடிக்க முடியாது. மூன்று ஆண்டுக்கு முன் எந்தத் தோப்பில், எந்த ஆழத்தில் மண் எடுத்தோம் என்று நினைவிலிருந்து எழுதும் விவரம் எதிர்ப்பு மனுவின் முன் நிற்காது. அதனால் ஆய்வு மாணவர்களிடமும் அவர்களை வழிநடத்தும் பேராசிரியர்களிடமும் ஒரு வேண்டுகோள். மாதிரி எடுக்கப் போகும் நாளிலேயே குறிப்பேட்டையும் எடுத்துச் செல்லுங்கள். மண்ணைப் பையில் போடுவதற்கு முன் ஊரின் பெயர், தேதி, நேரம், மரத்தின் அடையாளம், உடன் வந்தவரின் பெயர் ஆகியவற்றை அங்கேயே நின்று எழுதி, கையெழுத்திட்டு, அதன் பிறகு பையைக் கட்டுங்கள்.